திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம்: முதன்முறை நடத்தும் பிள்ளைகளுக்கு

2025 ஐப்பசியில் எங்கள் அப்பா, அம்மாவுக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி செய்து வைத்தோம். அதற்கு முன்பு அதே விழாவை ஆனி மாதத்தில் நடத்தப் போவதாக எண்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். அறைகளுக்கு முன்பணமும் கட்டிவிட்டோம். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "நாள் மாறிவிட்டது" என்று சொல்ல வேண்டியதாயிற்று. கட்டிய முன்பணத்தில் பாதி திரும்பி வரவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தல புராணம், திருவிழாக்கள் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. எமன் வீசிய பாசக் கயிறு மார்க்கண்டேயனோடு சேர்த்து லிங்கத்தின் மேலும் விழுந்தது, சிவன் வெளிப்பட்டு எமனை உதைத்தார், அது நடந்த இடம் இது: இவ்வளவு தெரிந்தால் போதும். ஆயுள் விருத்திக்கான சடங்குகளுக்கு மக்கள் இந்த ஊரைத் தேடி வருவது அதனால்தான்.

1. முதலில் நாளைச் சரியாகக் கண்டுபிடியுங்கள்

எல்லா வேலைகளிலும் இதுதான் கடினமானது. மற்றவை பணத்தால் நடந்துவிடும்.

அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1965 ஜூன் 2. ஆதாரிலும் பணிப் பதிவேட்டிலும் அதுவே இருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு மணிவிழாவையும் முடித்துவிடலாம் என்று ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். அழைப்பதற்காக அத்தையிடம் போனபோதுதான் அது உடைந்தது. "தம்பி பிறந்தது அடைமழையில். வாய்க்கால் நிரம்பி வாசல் வரை தண்ணீர் வந்து நின்றது. மருத்துவச்சியை வண்டி கட்டிப் போய் அழைத்து வந்தார்கள். ஆனியில் எங்கேயடா அடைமழை?" என்று கேட்டார். ஊர் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பாட்டியின் சேலைக்கடியில் மஞ்சள் தடவிய ஜாதகம் கிடைத்தது. விசுவாவசு வருடம், ஐப்பசி மாதம், அனுஷ நட்சத்திரம்.

அந்தத் தலைமுறையில் பலருக்கு இதே கதைதான். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பள்ளி திறக்கும் ஜூனை ஒட்டி ஒரு தேதியை எழுதிவிடுவார்கள். ஆகவே சான்றிதழை நம்பி நாள் குறிக்காதீர்கள். ஜாதகத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால் வீட்டின் மூத்த பெண்களைக் கேளுங்கள். என்ன பயிர் வயலில் நின்றது, ஆற்றில் தண்ணீர் ஓடியதா, எந்தத் திருவிழாவுக்கு முன் அல்லது பின் என்று அவர்கள் சொல்வதைக் கொண்டு மாதத்தைப் பிடித்துவிடலாம். மாதமும் கிழமையும் கிடைத்தால் பழைய பஞ்சாங்கத்தில் நட்சத்திரத்தை நெருங்கிவிடலாம். ஒன்றுமே கிடைக்காதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நாம நட்சத்திரம் பார்த்துக் குருக்கள் நாள் குறித்துக் கொடுப்பார்.

அடுத்த குழப்பம் வயது. 59 நிரம்பி 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 நிரம்பி 61 தொடங்கும்போது செய்வது சஷ்டியப்தபூர்த்தி. "அறுபது நடக்கிறது" என்று பேச்சில் சொல்வதால் இரண்டும் கலந்துவிடுகின்றன. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வியாழன் ராசி மண்டலத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு, சனி சுற்ற ஏறக்குறைய 30 ஆண்டு. இரண்டு சுற்றும் ஒன்றாக முடிவது 60-ல். பிரபவ முதல் அட்சய வரை 60 வருடப் பெயர்கள் இருப்பது அந்தச் சுற்றுக்காக. பிறந்தபோது இருந்த வருடப் பெயர் மறுபடி வந்திருக்க வேண்டும். அதே தமிழ் மாதத்தில், அதே நட்சத்திரத்தில் விழா. அப்பா பிறந்தது விசுவாவசு. 2025 சித்திரையில் பிறந்ததும் விசுவாவசு. கணக்கு சரி.

இதிலும் சில இடங்களில் கால் வழுக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பிறந்தவர்கள் முந்தைய சித்திரையில் தொடங்கிய வருடத்தைச் சேர்ந்தவர்கள். 1966 மார்ச்சில் பிறந்தவருக்கும் விசுவாவசுதான். பராபவ என்று எண்ணி ஓராண்டைத் தவற விட்டுவிடாதீர்கள். ஆங்கில மாதத்தின் நடுவில் பிறந்தவர்கள் தமிழ் மாதத்தை இருமுறை பார்க்க வேண்டும். அக்டோபர் 16 புரட்டாசியில் இருக்கும், 20 ஐப்பசியில் இருக்கும். நம் கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவதால், பின்னிரவு 2 மணிக்குப் பிறந்தவருக்கு முந்தைய நாளின் கிழமைதான். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் பின்னதை எடுத்துக்கொள்கிறார்கள்.

எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் கேட்டுவிடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும். அந்த வேறுபாட்டில் காலை நட்சத்திரம் கைவிட்டுப் போகலாம். டெல்டாவில் கோவில் வழக்கம் பெரும்பாலும் வாக்கியம். 2025 மார்ச்சில் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதம் சொன்னபோது, பக்கத்திலுள்ள திருநள்ளாறு கோவில் வாக்கியப்படி 2026-ல்தான் என்று அறிவித்தது நினைவிருக்கலாம். கைபேசிச் செயலியில் பார்த்த நாளை அப்படியே எடுத்துக்கொண்டு வர வேண்டாம். சடங்கை நடத்தப் போகிறவர் எந்தப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருக்கிறாரோ அதன்படி குறித்து வாங்குங்கள்.

நட்சத்திர நாள் வேலை நாளில் விழுந்தால் உறவினர் வர மாட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்வார்கள். நான் மாற்றவில்லை. ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். அது போதுமான கூட்டமாகவே இருந்தது.

2. குருக்களிடம் பேசுவதும் கோவிலில் பதிவதும்

நாள் குறித்ததும், குறைந்தது மூன்று மாதம் முன்பாக, ஒருமுறை நேரில் போய் வாருங்கள். மயிலாடுதுறை ரயில் சந்திப்பிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகக் காரைக்கால், பொறையாறு போகும் பஸ்கள் திருக்கடையூரில் நிற்கும். தூரம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நேரில் போய்விட்டால் தொலைபேசியில் பத்து முறை பேசுவது மிச்சம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே "அறுபதா, எண்பதா?" என்று கேட்டபடி ஒருவர் கூடவே நடந்து வரக்கூடும். அறை, பூஜை, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகை சொல்வார். எங்களிடம் அப்படிச் சொன்ன தொகையில் என்னென்ன அடக்கம் என்று கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை. கோவில் அலுவலகத்துக்கு முதலில் போங்கள். அங்கே கட்டணத்தைக் கேட்டு, கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். பிறகு குருக்களிடம் தனியாகப் பேசுங்கள்.

குருக்களிடம் கேட்க வேண்டியவை: எத்தனை கலசம், எத்தனை பேர் ஓதுவார்கள், எந்தெந்த ஹோமங்கள், பூஜைப் பொருள்கள் அவர் பொறுப்பா நம் பொறுப்பா, கோபூஜை சேர்ந்ததா, பிரகாரத்தில் நமக்கு எந்த இடம், எத்தனை மணிக்கு. இந்தப் பதில்களை அவர் எதிரிலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். எங்கள் குருக்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "இப்படி எழுதிக்கொண்டால் எனக்கும் நல்லது" என்றார்.

கலசம் 16, 32, 64 என்று ஏறிக்கொண்டே போகும். என் கருத்தில் 16 போதும். எண்ணிக்கை கூடினால் செலவும் நேரமும் கூடும், முதியவர்கள் ஈரத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் கூடும்.

ஆவணங்கள் அதிகம் தேவைப்படவில்லை. பெற்றோர் இருவரின் ஆதார் நகல் இரண்டு பிரதி, அப்பாவின் ஜாதக நகல், குறித்த நாளை எழுதிய தாள், பதிவு ரசீது ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருந்தேன். ஆதாரில் ஜூன், விழா ஐப்பசி; ஏன் என்று கேட்டார்கள். ஜாதகத்தைக் காட்டியதும் சரி என்றார்கள். உங்கள் வீட்டில் ஆதார் வயது உண்மை வயதைவிடக் குறைவாக இருந்தால் ஜாதக நகல் இல்லாமல் கிளம்பாதீர்கள். சங்கல்பத்துக்காக இன்னொரு தாளும் வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயர், நட்சத்திரம், ராசி, தெரிந்தால் கோத்திரம். மருமகள், மருமகன், பேரக் குழந்தைகள் விட்டுப்போகாமல் எழுதுங்கள். ஹோம குண்டத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு பேத்தியின் நட்சத்திரம் என்ன என்று மூன்று பேர் மூன்று பதில் சொல்வதைப் பக்கத்துக் குடும்பத்தில் பார்த்தேன்.

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் இருக்கும் வீடுகளிலிருந்தும் இதைக் கேட்கிறார்கள். தாலி கட்டும் பகுதி இருக்காது. ஆயுஷ் ஹோமமும் மிருத்யுஞ்ஜய ஹோமமும் தாராளமாகச் செய்யலாம். துணை இல்லை என்பதற்காக ஒருவருடைய அறுபதைப் பேசாமல் கடந்துவிடாதீர்கள்.

3. பணம்

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. குருக்கள், ஹோமங்கள், பதினாறு கலசம், பொருள்கள் எல்லாம் சேர்த்து 22,000. எட்டு அறைகள் இரண்டு இரவுக்கு 24,000. காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் 17,000 அளவில். நாதஸ்வரம், மாலைகள், புகைப்படம் சேர்ந்து 18,000. மயிலாடுதுறையிலிருந்து வேன் 5,500. மீதியெல்லாம் தாலிப் பொன், துணிமணி.

திட்டத்தில் இல்லாமல் போனது 8,000. ஓதியவர்கள், மடப்பள்ளிக்காரர், விளக்கேற்றியவர், மேளக்காரருக்குத் தனியாக, சன்னிதி ஒவ்வொன்றிலும் தட்டு என்று கை நீண்டுகொண்டே இருக்கும். கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கொடுப்பது அன்றைய நாளின் பகுதிதான். ஆனால் நூறு, இருநூறு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக முன்கூட்டியே மாற்றி, பொறுமையான ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டார். அப்பா பணப்பையைத் தொடவே இல்லை.

4. தாலியும் கூறையும்

தாலிக்குத் தட்டானிடம் பத்து நாள் முன்பாவது சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தாலியின் வடிவம் வேறு. அம்மா கழுத்தில் இருப்பதைத் தெளிவாகப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "வழக்கமான தாலிதான்" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் வழக்கத்துக்குச் செய்துவிடுவார். புதிய தாலி கட்டிய பிறகு பழையதை என்ன செய்வது, சேர்த்துக் கோத்துக்கொள்வதா கழற்றி வைப்பதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மணையில் உட்கார்ந்த பிறகு அதைப் பற்றி இரண்டு வீட்டாரும் விவாதிக்க வேண்டாம்.

கூறைப் புடவை அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா இதற்காக மயிலாடுதுறைக்கே வந்து வாங்கினார். கூறை என்ற பெயருக்கு உரிய கூறைநாடு அந்த ஊரில்தான் இருக்கிறது. பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட புடவை. அம்மாவுக்கு விழாவுக்குப் பிறகும் கட்டிக்கொள்ள லேசாக இருக்கிறது.

அபிஷேகத்துக்குத் தனியாக ஒரு பருத்திப் புடவையும் வேட்டியும் வேண்டும். மெல்லிய துணி வேண்டாம். நனைந்தபின் அத்தனை பேர் நடுவே எழுந்து நிற்கப் போவது அம்மா என்பதை நினைத்து வாங்குங்கள்.

5. பெற்றோரின் உடம்பு

ஹோமம் காலையில் தொடங்கி மூன்று மணி நேரம் போகும். வெறும் வயிற்றில் உட்கார வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, குருக்களிடமே கேட்டோம். பால், பழம் எடுத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டுவிட்டு வரச் சொன்னார். இழுப்பு உள்ளவர்களைப் புகை அடிக்காத பக்கமாக உட்கார வைக்கச் சொல்லுங்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு உயரம் குறைந்த மரப் பலகை கேட்டால் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் குளிரும். பங்குனி, சித்திரையில் கல் தரை சுடும். எங்களுக்கு அன்று தூறல். பதினாறு குடம் தண்ணீர் விழுந்தபின் அம்மா நடுங்கிக்கொண்டே நின்றார். துண்டும் போர்வையும் மாற்றுத் துணியும் அறையில் இருந்தன, அறை தெருக்கோடியில். தங்கை ஓடிப் போய் எடுத்து வர இருபது நிமிடம் ஆயிற்று. அந்தப் பையைக் கையோடு வைத்திருங்கள். ஈரக் கல்லில் நடக்கும்போது இருவருக்கும் ஆளுக்கொருவர் தோள் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் காவிரியில் நீராட வேண்டும் என்று விரும்பினால் மாதத்தைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். கோடையில் வருபவர்களுக்கு மயிலாடுதுறையில் மணலும் தேங்கிய நீரும்தான் கிடைக்கும். ஐப்பசியில் வருபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த மாதம் முழுவதும் துலாக் கட்டத்தில் துலா ஸ்நானம் நடக்கும். கடைசி நாள் கடைமுழுக்கு. அப்பா, அம்மா இருவரும் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். நீர் இழுப்பு இருந்ததால் நாங்கள் இறங்க விடவில்லை.

6. அன்று காலை நடப்பது என்ன

இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அந்த மூன்று மணி நேரமும் வேறு மாதிரி இருக்கும். முந்தைய இரவு பெற்றோரோடு உட்கார்ந்து ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

விக்னேஸ்வர பூஜை, சங்கல்பம், கலசம் வைத்து அதில் தேவதைகளை அழைத்தல், கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், ஆயுஷ் ஹோமம், மிருத்யுஞ்ஜய ஹோமம், பூர்ணாகுதி, கலச அபிஷேகம், புத்தாடை, திருமாங்கல்ய தாரணம், தானம், பெரியவர்களை வணங்குதல். வரிசை சிற்சில இடங்களில் மாறும்.

கலசத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நாங்கள் போனபோது ஒரு இளம் குருக்கள் செம்புக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். செம்பை இடது உள்ளங்கையில் சாய்த்து வைத்து மெல்லத் திருப்ப, வலது கை நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் போட, சாய்சதுரக் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து செம்பு முழுவதும் வலைபோல மூடிக்கொண்டது. ஒரு செம்புக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செம்பு உடல். நூல் நரம்புகள். உள்ளே ஊற்றும் நீர் இரத்தம். மேலே வைக்கும் தேங்காய் தலை, மாவிலை சடை, தர்ப்பைக் கூர்ச்சம் குடுமி, சுற்றும் துணி தோல். மந்திரம் சொல்லும்போது உயிர் வருகிறது. பிள்ளையாரையும் மார்க்கண்டேயரையும் ஏழு சிரஞ்சீவிகளையும் வருடம், மாதம், நட்சத்திரம் ஆகியவற்றின் தேவதைகளையும் அந்த உடல்களில் அழைக்கிறார்கள். பிறகு அந்த நீரைப் பிள்ளைகள் கையாலேயே பெற்றோர் தலையில் ஊற்றச் செய்கிறார்கள். நம்மைக் குளிப்பாட்டியவர்களை நாம் குளிப்பாட்டுகிறோம். என் கையில் குடம் வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். உச்சியில் முடி உதிர்ந்த இடம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. வேகமாக ஊற்ற வேண்டாம். பின்னால் நிற்கும் புகைப்படக்காரர் "இன்னும் ஒரு முறை" என்பார். அதற்கும் இணங்க வேண்டாம்.

மிருத்யுஞ்ஜய மந்திரத்தின் பொருளையும் சொல்லி வையுங்கள். "உர்வாருகமிவ பந்தனாத்" என்று வரும் இடத்தில் கேட்பது, வெள்ளரிப் பழம் கொடியிலிருந்து விடுபடுவதுபோல மரணத்திலிருந்து என்னை விடுவி, அமிர்தத்திலிருந்து அன்று என்பதே. வெள்ளரி பழுத்தால் பறிக்க வேண்டாம். காம்பு தானே விட்டுவிடும். சாகாமல் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பிஞ்சில் பிய்த்து எடுக்காதே என்பதுதான் வேண்டுதல். கொல்லையில் வெள்ளரிக்கொடி போடும் அம்மாவுக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

7. வேறு சமயத்து உறவினர் வரும்போது

தங்கையைக் கொடுத்திருப்பது தமிழ் ஜைனக் குடும்பத்தில். சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் வந்தார்கள். இப்படி உறவு உள்ளவர்கள் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு விலக்கிய சாம்பார், கறி, தனிக் கரண்டி. வாழைக்காய், புடலங்காய், அவரை வைத்து எல்லாருக்குமே அப்படிச் சமைத்துவிடுவது எளிது. நாங்கள் அதையே செய்தோம். சூரியன் மறைவதற்குள் அவர்கள் இரவு உணவை முடித்துக்கொள்வார்கள் என்பதால் முதல் நாள் மாலை 5 மணிக்கே சாப்பாடு தயாராக இருக்க வேண்டும்.

எது வரை அவர்கள் கலந்துகொள்வார்கள் என்பதையும் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். ஹோமத்தின்போது சம்பந்தி சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். பிறகு அப்பாவிடம் அவர்கள் வழியில் வரும் ஒரு செய்தியைச் சொன்னார். மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் அடையும் வேளையில், கிரக நிலை சரியில்லை, ஒரு கணம் தள்ளிப் போடுங்கள் என்று இந்திரன் வேண்டினானாம். ஆயுளை ஒரு கணமும் நீட்ட யாராலும் ஆகாது என்று சொல்லிவிட்டாராம் மகாவீரர். அப்பாவின் முகம் மாறிவிடுமோ என்று நான் கவலைப்பட்டேன். அப்பா வெள்ளரிப் பழத்தைச் சொன்னார். சம்பந்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நமக்குள் சண்டை இல்லை, சம்பந்தி" என்றார்.

பௌத்தர்களிடம் மார்க்கண்டேயனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஏழு நாளில் இறக்க விதிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்காக வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நடுவில் அவனை உட்கார வைத்து, சுற்றிலும் பிக்குகள் அமர்ந்து ஏழு நாள் பரித்தம் என்னும் காப்பு ஓதலை ஓதினார்கள். கொண்டுபோக வந்த யட்சன் நாள் கடந்து வெறுங்கையோடு போனான். பிள்ளை 120 வயது வாழ்ந்தான். தம்மபதத்தின் 109-ஆம் பாடலுக்கு உரை சொல்லும் கதை இது. பெரியவர்களை எப்போதும் வணங்குகிறவனுக்கு ஆயுள், பொலிவு, சுகம், வலிமை நான்கும் வளரும் என்பது அந்தப் பாடல். மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தில் ஏறக்குறைய அதே சொற்களில் ஆயுள், கல்வி, புகழ், வலிமை என்று வருகிறது. அதனால்தான் கடைசியில் வரும் நமஸ்காரத்தை அவசரப்படுத்தாதீர்கள் என்கிறேன். சாப்பாட்டுப் பந்தி தொடங்கிவிட்டது என்று அதைப் பாதியில் முடித்துவிடுகிறார்கள். ஹோமத்தில் உட்கார விரும்பாத உறவினரும் அந்த இடத்தில் மனதாரக் கலந்துகொள்ளலாம். சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்து வணங்கினார்கள்.

8. முடித்துக் கிளம்பும்போது

நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். தாலி கட்டி முடிந்ததும் அமிர்தகடேஸ்வரர், கால சம்ஹார மூர்த்தி, அபிராமி சன்னிதிகளில் தரிசனத்தை முடித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போனால் மாலை வரை காத்திருக்க வேண்டும், வேன்காரர் காத்திருப்புக் கட்டணம் கேட்பார்.

அடுத்த சடங்கையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். 70-ல் பீமரத சாந்தி. ஆயிரம் பௌர்ணமி கண்டவருக்குச் சதாபிஷேகம். சந்திரக் கணக்கில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுதலாகச் சேரும் 'அதிக மாத'ங்களின் பௌர்ணமிகளும் சேர்வதால் அது 80 நிரம்பிச் சில மாதங்களில் வந்துவிடும். நேபாளத்து நேவார் மக்கள், இந்துக்களும் பௌத்தர்களும், 77 வயது 7 மாதம் 7 நாளில் முதியவரைத் தேரில் ஏற்றி இழுக்கிறார்கள். அதற்கும் பீமரதம் என்றே பெயர். ஆயிரம் பிறைக்கு அவர்கள் கணக்கு 83 வயது 4 மாதம். ஆண்டுக்கு 12 என்று பெருக்கிப் பாருங்கள், ஆயிரம் வரும்.

அப்பாவின் ஜாதகத்தை நான்கு நகல் எடுத்து நான்கு வீட்டில் வைத்திருக்கிறோம். திரும்பும் வழியில் வேனில் அத்தையிடம் அவருடைய நட்சத்திரத்தைக் கேட்டேன். யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். கொஞ்ச தூரம் போனபின், "நாகப்பட்டினத்தில் பெரிய புயல் அடித்ததே, அதற்கு எட்டாம் நாள் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள்" என்றார். அந்தப் புயல் 1952 நவம்பர் 30. நந்தன வருடம், கார்த்திகை மாதம். ஊர் போய்ச் சேர்ந்ததும் பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் குருக்களுக்கு அந்தத் தேதியை எழுதி அனுப்பினேன்.